மூன்று டப்பி சளி

மேல் டிவிசன், இரத்தோட்டை
1997 பெப்ரவரி 10

மச்சான் கிறிஸ்தோபருக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பிறர் வாயால் உன் காதுக்கு வருவதைவிட நானே எழுதுவது மேல். போன ஞாயிறு பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிறார், கோயிலே மூச்சடக்கி முழங்காலில் நிற்கிறது, அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. அடக்கினேன். அடக்க அடக்க உள்ளுக்குள் உருண்டு உருண்டு கடைசியில் வெடித்ததில் சாரத்து முடிச்சு அவிழ்ந்துவிட்டது. உள்ளே கட்டைக் காற்சட்டை போட்டிருந்தது மாதாவின் புண்ணியம். பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் செபத்தை விட்டுச் சிரித்தார்கள். உன் அக்கா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "இன்னமே சாரத்துக்கு மேல பெல்ட்டு கட்டிக்கிட்டு வாங்க, இல்லாட்டி கோயில் பக்கமே வராதீங்க" என்றாள். பெல்ட் கட்டிப் பார்த்தேன். கடைசி ஓட்டையும் போதவில்லை, ஆணியால் புதிதாக இரண்டு போட்டேன். சாமான் இப்போதெல்லாம் தரமில்லை, நாளாக ஆக நீண்டுவிடுகிறது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். உனக்கு டீபி என்று நீ சமைக்கிற ஹொஸ்டலிலிருந்து செய்தி வந்த அன்று உன் அக்கா சவரியம்மா ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீ வழக்கமாகக் குடிக்கிற கோப்பையையும் தட்டையும் எடுத்து விறகுக் கொட்டிலில் வைத்துவிட்டாள். "கைப்புள்ள இருக்குற வீடு. தம்பின்னாலும் வாசப்படி மிதிக்கக் கூடாது. நீங்களும் அங்க போய் ஒட்டிக்கிட்டு வராதீங்க" என்று சட்டம் போட்டிருக்கிறாள். மகள் கொறற்றியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் வைத்தாலும் உனக்கு அழைப்பு இல்லை. நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டே நின்று தலையாட்டினேன். அதனால்தான் பஸ் ஏறாமல் கடிதம் எழுதுகிறேன்.

உன் அக்காவுக்குத் தெரியாத ஒன்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். ஜனவரியில் நீ மூன்று நாள் லீவு போட்டு, மூன்று டப்பியோடு வந்தாய். ஹொஸ்டல் சமையற்கட்டில் நீ இருமுவதைக் கேட்ட மதர், கிளினிக்கில் சளியைச் சோதித்துத் துண்டு எழுதி வாங்கிக்கொண்டுவா என்றாராம். உனக்குப் பயம். "மச்சான், எனக்கு என்னமோ இருக்கு போல. நீங்கதான் எரும மாதிரி இருக்கீங்க. ஒங்க சளியக் குடுங்க" என்றாய். "எருமச் சளி செல்லுமாடா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தேன், மூன்று விடியலும் மூன்று டப்பி. உன் பெயரை ஒட்டிக்கொண்டு போனாய்.

இப்போது கேட்கிறேன். என் சளியில் உன் நோய் எப்படியடா வந்தது? பஸ்ஸில் எங்கேயோ மூடி கழன்று கொட்டி, குறைந்ததற்கு உன்னுடையதைத் துப்பி நிரப்பினாய், அப்படித்தானே? மச்சானிடம் மறைக்காதே. நான் திட்டமாட்டேன், ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பேன், அவ்வளவுதான்.

மாடு மாதிரி மாத்திரை விழுங்கிக்கொண்டு இரு.
ரபாயேல்


மாத்தளை
1997 பெப்ரவரி 16

மச்சானுக்கு,

நீங்கள் சுகமா என்று கேட்டுத் தொடங்குவது என் பழக்கம். இன்றைக்கு மனம் வரவில்லை.

டப்பியில் நான் எதையும் சேர்க்கவில்லை. நீங்கள் மூடிக் கொடுத்ததைத் துணியில் சுற்றி மடியில் வைத்தேன், இறங்கியதும் நேரே கிளினிக் ஜன்னலில் கொடுத்தேன். மூன்று நாளும் அப்படியே. மூன்றிலும் கிருமி இருக்கிறது என்கிறார்கள். ஒன்றில் இருந்தால் பஸ்ஸில் கொட்டியது என்று சொல்லலாம். மூன்றிலும் இருந்தால் கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

முதல் நாள் காலை என்ன நடந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அடி நெஞ்சுலருந்து வரமாட்டேங்குதுடா" என்று டப்பியோடு லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் போனீர்கள். திரும்பி வரும்போது டப்பி நிறைந்திருந்தது, உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது. லயத்துக்குப் பின்னால் யார் குடியிருக்கிறது? இருளாண்டி. அவன் இருமினால் மாத்தளைக்குக் கேட்கும். என் கலியாணத்தன்று மாப்பிள்ளைச் சர்பத்தில் உப்பைக் கலந்து கொடுத்துவிட்டு, நான் முழுவதும் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, "மச்சானுக்கு இன்னொரு கிளாஸ் குடுங்க" என்று சொன்ன ஆள் நீங்கள். உங்களுக்கு இதுவும் ஒரு விளையாட்டாகத் தோன்றியிருக்கும்.

இங்கே அது விளையாட்டாக இல்லை. மதர் என்னைச் சமையற்கட்டிலிருந்து எடுத்துவிட்டார். அறுபது பிள்ளைகள் சாப்பிடுகிற இடம், டாக்டர் சரி என்று சொல்லும்வரை உள்ளே வரவேண்டாம் என்றார். தோட்டம் கூட்டுகிறேன், தண்ணீர் ஓடுகிற கான் துப்புரவு செய்கிறேன். தினமும் காலையில் கிளினிக்குக்குப் போய் நர்ஸுக்கு முன்னால் வாயைத் திறந்து மாத்திரை விழுங்க வேண்டும். முதல் நாள் மூத்திரம் செம்பருத்திச் சாறு மாதிரிப் போனது. செத்தேன் என்று நினைத்தேன். மாத்திரையின் சாயம்தான், பயப்படாதே என்று நர்ஸ் சொன்னபிறகுதான் உயிர் வந்தது. "அது என் சளியே இல்லை" என்று என்னால் வாய் திறக்க முடியாது. திறந்தால் ஏமாற்றுக்காரன் என்று வேலையே போய்விடும்.

இதில் இன்னொன்று. என் இருமல் நின்றுவிட்டது. அடுப்படியை விட்டு வந்த பத்தாவது நாளே நின்றுவிட்டது. அந்தச் சமையற்கட்டில் ஜன்னல் கிடையாது, விறகுப் புகையும் மிளகாய் வறுக்கிற நெடியும் போக வழியில்லை. நான் பயந்தது அந்தப் புகைக்கு.

ஒரே கேள்விதான். யார் சளி அது?

கிறிஸ்தோபர்


மேல் டிவிசன், இரத்தோட்டை
1997 பெப்ரவரி 24

மச்சான்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நேரே இருளாண்டியிடம் போனேன். எனக்கும் அவன்மேல் ஒரு சந்தேகம். டப்பியை மதில்மேல் வைத்துவிட்டு முகம் கழுவினேனே, அந்த இடைவெளியில் அவன் ஏதாவது செய்தானோ என்று.

"டேய், என் டப்பியில நீ துப்புனியா?"

"நா எதுக்கு ஒங்க டப்பியில துப்பணும்? எனக்குத் துப்ப எவ்ளோ பெரிய தோட்டம் கெடக்கு."

"பின்ன ஒனக்கு எதுக்கு இவ்ளோ இருமல்?"

"அது இழுப்பு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே படமெல்லாம் எடுத்துப் பாத்தாச்சு. சந்தேகப்படுற மூஞ்சியப் பாரு" என்று உள்ளே போய் ஒரு கார்டைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். அவனுக்கும் வாசிக்கத் தெரியாது, எனக்கும் அந்தக் கோழிக் கிறுக்கல் விளங்கவில்லை. கொறற்றி வாசித்துப் பார்த்து, அவன் சொன்னது சரி என்றாள். இப்போது இருளாண்டி என்னோடு பேசுவதில்லை. ஊரில் பேச்சுத்துணைக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான், உன்னால் அதுவும் போனது.

ஆகவே நானே சத்தியமாக எழுதுகிறேன். லயத்துக்குப் பின்னால் போனது வெட்கத்தில். மகளும் பேத்தியும் பார்க்க நின்றுகொண்டு காறுவது நன்றாகவா இருக்கும்? நீ சொன்னபடியே வெந்நீர் குடித்தேன், மூன்று தரம் மூச்சை இழுத்துப் பிடித்தேன், நாலாவது தரம் தானாக வந்தது. நல்ல கெட்டிச் சளி. ஓரத்தில் கொஞ்சம் வெற்றிலைச் சிவப்பு. அன்றைக்கு வெற்றிலை போட்டேனா என்று இப்போது நினைவில்லை.

இங்கே மற்றபடி குறை ஒன்றும் இல்லை. கவ்வாத்து நடக்கிறது. ஈரத்தில் நின்று தேயிலைச் செடி வெட்டுகிறவனுக்கு அந்தி நேரம் கொஞ்சம் நடுங்கத்தானே செய்யும், உன் அக்கா இஞ்சி தட்டிப் போட்டுத் தருகிறாள், விடியலில் சட்டை நனைந்து சரியாகிவிடுகிறது. "ரபாயேலு, கத்தியத் தூக்குறியா, கத்தி ஒன்னத் தூக்குதா?" என்று கங்காணி கேட்கிறார். அவருக்குப் பொறாமை, அவர் தொப்பையைக் குறைக்க முடியவில்லை. பேத்தி நல்ல கெட்டிக்காரி. வேறு யாரிடமும் தூங்கமாட்டாள், என் நெஞ்சில் குப்புறப் போட்டால்தான் தூங்குவாள். தொட்டிலே தேவையில்லை மச்சான், நான் இருமினால் தானாக ஆடுகிறது.

உன்மேல்தான் சந்தேகமாக இருக்கிறது. இருமல் நின்றுவிட்டது என்கிறாய், ஆனால் தினமும் நர்ஸிடம் போய் வாயைத் திறக்கிறாய். அந்த நர்ஸுக்கு எத்தனை வயது?

ரபாயேல்


மாத்தளை
1997 மார்ச் 2

மச்சானுக்கு,

நர்ஸுக்கு ஐம்பத்தைந்து வயது. தயவுசெய்து இந்தக் கடிதத்தைச் சிரிக்காமல் வாசியுங்கள்.

போன வாரம் எனக்கு நெஞ்சைப் படம் பிடித்தார்கள். சுத்தமாக இருக்கிறது. கிளினிக்கிலேயே நிற்கவைத்து இன்னொரு டப்பி தந்து துப்பச் சொன்னார்கள், அது என்னுடையது. அதிலும் ஒன்றும் இல்லை. டாக்டர் பழைய சோதனைத் துண்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்தார்.

"மொதல்ல குடுத்தீங்களே மூணு டப்பி, அது ஒங்க சளிதானா?"

"ஆமாங்க சேர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒங்க சளி இல்லாட்டி, இன்னொருத்தர் எங்கயோ மருந்தில்லாம இருமிக்கிட்டு இருக்காரு. அவரு பக்கத்துல யாரு இருக்காங்களோ தெரியாது."

ஆமாம் என்றே மறுபடியும் சொல்லிவிட்டு வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தை எடுத்தேன். அங்கே சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் இரத்தம், அந்தியில் காய்ச்சல், தூக்கத்தில் வியர்வை, மெலிவு. நீங்கள் விளையாட்டாக எழுதியதை எல்லாம் அந்தச் சுவரில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். பெல்ட் நீளவில்லை மச்சான்.

உங்கள் இருமலை எனக்கு இருபத்திரண்டு வருசமாகத் தெரியும். நீங்கள் சிரித்தால் கடைசியில் ஒரு இருமல் வரும். அது சிரிப்பின் வால் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். சுருட்டு இருமலாக இருந்தது எப்போது இப்படி மாறியது என்று கூட இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் ஊரில் இத்தனை பேர் இருக்க உங்களிடமே டப்பியை நீட்டினேன்.

பிள்ளையை நெஞ்சில் போடாதீர்கள். இருமும்போது துணியால் வாயை மூடுங்கள், கண்ட இடத்தில் துப்பாதீர்கள். இஞ்சிக்கும் மல்லித் தண்ணீருக்கும் இது அடங்காது. ஆறு மாதம் விடாமல் மாத்திரை எடுத்தால் சுத்தமாகச் சுகமாகிவிடும் என்று எனக்கு முன்னால் எத்தனையோ பேருக்குச் சொல்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வாருங்கள்.

கிறிஸ்தோபர்


மேல் டிவிசன், இரத்தோட்டை
1997 மார்ச் 9

அடேய் மச்சான்,

நல்லா இருந்தது. சுவரில் படம், டாக்டரின் பார்வை, சிரிப்பின் வால். ஒரு சர்பத்துக்கு எத்தனை வருசம் காத்திருந்திருக்கிறாய்!

நாலு வருசத்துக்கு முன்னால் எனக்குச் சைக்கிள் கிடைத்திருக்கிறது என்று அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு கடிதம் வந்ததே, மறந்துவிட்டாயா? சப்பாத்து இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு மாத்தளைக்குப் போய், ஒவ்வொரு மேசையாக, "என் சைக்கிள் எங்கே?" என்று கேட்டு நின்றேன். வற்றாளங்கிழங்கில் முத்திரை வெட்டியவன் யார்? அதே கை எழுதிய கடிதம்தானே இதுவும். இப்போது செவ்வாய்க்கிழமை நான் கிளினிக்கில் போய் நின்று, "என் சளி எங்கே?" என்று கேட்க வேண்டும், நீ தூணுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். அதுதானே திட்டம்?

உன் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையில் உர நெடி அடிக்கிறது என்று சொல்லி, பிள்ளையை மட்டும் இரண்டு நாளாகத் தூக்கவில்லை. உர நெடி உண்மையாகவே அடிக்கிறது. பேத்தி என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு அழுகிறாள். நேற்று வெற்றிலை போடாமல் இருந்து துப்பிப் பார்த்தேன். அது எதற்கு உனக்கு.

சத்தியம் செய்து எழுதாதே, உன் சத்தியங்களின் விலை எனக்குத் தெரியும். காகிதம் ஒன்றும் அனுப்பாதே, கிழங்கு மலிவாக இருக்கிறது. நீ சொல்வது உண்மையென்றால் அந்த டாக்டரிடம் போய் "அது என் மச்சானுடைய சளி, நான் ஏமாற்றினேன்" என்று சொல்லு பார்ப்போம். சொல்லமாட்டாய். சொன்னால் உன் வேலை போய்விடும். அப்போ எனக்கும் ஒன்றும் இல்லை.

ரபாயேல்


யட்டவத்த
1997 மார்ச் 14

மச்சானுக்கு,

சொல்லிவிட்டேன்.

டாக்டர் கத்தவில்லை. என் மாத்திரையை நிறுத்தினார், புதிய கார்டு ஒன்றில் உங்கள் பெயரை எழுதினார், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஐந்து மாதக் குழந்தை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அங்கிருந்து நேரே மதரிடம் போய் அவரிடமும் சொன்னேன். "நோய் இருந்தாலும் ஒன்ன வச்சிருப்பேன் கிறிஸ்தோபர். இப்படி ஒரு பொய் சொன்ன ஆள நா எப்படி நம்பிப் புள்ளைங்களுக்குச் சோறு ஆக்கச் சொல்றது?" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே தெரிந்த ஒருவருடைய தோட்டத்தில் மிளகு பறிக்கிறேன்.

காகிதம் எதுவும் வைக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் வழக்கம்போல முதல் ஆளாக எழுந்து ஓடாமல், சாமியார் அறிவித்தல் வாசிக்கும்வரை இருங்கள். அதில் என் கை இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மாத்தளை பஸ் நிலையத்தில் நிற்பேன். நீங்கள் வராவிட்டால் நான் அங்கே வருவேன். அக்கா விளக்குமாற்றால் அடித்தாலும் வாசல்படி மிதிப்பேன்.

கிறிஸ்தோபர்


மேல் டிவிசன், இரத்தோட்டை
1997 மே 23

என் மச்சானுக்கு,

அன்றைக்கு பஸ் நிலையத்திலிருந்து கிளினிக் ஜன்னல் வரை நீ என் கூடவே வந்தாய். அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. கேலி செய்ய ஒன்றும் அகப்படாத கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு மாதம் போய்விட்டது.

சாமியார் அன்றைக்கு மூன்று அறிவித்தல் வாசித்தார். மூன்றாவது, மாத்தளையில் பெண்பிள்ளைகளின் ஹொஸ்டல் ஒன்றுக்கு உடனே சமையற்காரர் தேவை என்பது. எனக்குச் சிரிப்பு வந்தது, வழக்கம்போல அதன் வாலும் வந்தது. கைலேஞ்சியை வாயில் வைத்து எடுத்தேன். பிறகு சிரிக்கவில்லை. என்னை நம்பவைக்க ஒருவன் தன் சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டான் என்று அந்த வாங்கில் உட்கார்ந்துதான் விளங்கியது.

என் சளியின் முடிவு வந்த அன்று உன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பி மாற்றியது முதல். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை வைத்துவிட்டு, "எந் தம்பிய வாசல்ல நிறுத்திட்டு, ஒங்க நெஞ்சு மேலயா புள்ளையப் போட்டேன்?" என்று கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். விறகுக் கொட்டிலுக்குப் போனாள். உன் தட்டையும் கோப்பையையும் எடுத்துவந்து வெந்நீரில் கழுவினாள், கழுவி முடித்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். மறுநாள் எங்கள் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி நெஞ்சுப் படம் எடுக்க வைத்தாள். கொறற்றிக்கு ஒன்றும் இல்லை, உன் அக்காவுக்கும் இல்லை. பேத்திக்கும் இல்லை மச்சான். இருந்தாலும் என்னோடு கிடந்தவள் என்பதால் தினமும் கால் மாத்திரை பொடித்துப் பாலில் கலக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த 'இல்லை' என்ற வார்த்தையைக் கேட்கும்வரை வாங்கில் உட்கார்ந்திருந்த நேரத்தை எழுத எனக்குப் படிப்பு போதாது.

எனக்கும் செம்பருத்திச் சாறுதான். நீ முன்கூட்டியே எழுதியிருக்காவிட்டால் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடியிருப்பேன். மாத்திரை தோட்டத்து டிஸ்பென்சரிக்கே வருகிறது, காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் எல்லோருக்கும் முன்னால் விழுங்குகிறேன். சுருட்டை விட்டுவிட்டேன். பெல்ட்டில் ஆணியால் போட்ட ஓட்டையில் ஒன்று இப்போது சும்மா இருக்கிறது. இருளாண்டி பேசுகிறான், எட்டி நின்றுதான்.

உன் அக்காவின் புதிய சட்டம் இது. ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தகப்பன். வேறு யாரையும் கேட்கமாட்டாளாம். நாள் மட்டும் இன்னும் குறிக்கவில்லை. இரண்டு மாத மாத்திரைக்குப் பிறகு என் சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொல்ல வேண்டும், அதுவரை பிள்ளையை நான் தூக்கவும் கூடாது, கோயிலில் பக்கத்தில் நிற்கவும் கூடாது. இரண்டு டப்பி கேட்டார்கள். முதல் டப்பி போன வாரம் கொடுத்தேன், சுத்தம். இரண்டாவதும் சுத்தமாக இருந்தால் அடுத்த ஞாயிறே நாள் என்று பேச்சு. மதரும் உன்னைப்பற்றிச் சாமியாரிடம் விசாரித்தாராம், சமையற்கட்டுக்கு ஜன்னல் வைத்துவிட்டார்களாம். எனக்கு என்னமோ அதில் ஒரு சந்தேகம் இருக்கிறது, நல்ல சந்தேகம்தான்.

இன்று காலை அந்த இரண்டாவது டப்பியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் இராணுவச் சோதனை, ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என்னிடம் வந்தவன் சின்ன வயது. அடையாள அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், துணியில் சுற்றி இரண்டு கையாலும் நான் பிடித்திருந்ததைப் பார்த்தான். என்ன இது என்று கேட்டான். சளிக்குச் சிங்களத்தில் என்ன சொல்வது என்று எனக்கு உடனே வரவில்லை. அவன் டப்பியை வாங்கி, மூடியைத் திறந்து, விரலை விட்டுக் கிண்டி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். அப்போது எனக்குச் சொல் ஞாபகம் வந்தது. சொன்னேன். அவன் சோப்பு கேட்டான். பஸ்ஸில் யாரிடமும் சோப்பு இல்லை. அவன் வீசிய டப்பி ரோட்டோரக் கானுக்குள் போனது. செவ்வாய்க்கிழமை வேறு டப்பி கொடுக்க வேண்டும்.

ரபாயேல்